பேர் பழசு, விதி புதுசு: ஃபைனல் ஃபேன்டசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரை ஒன்றாம் பாகத்திலிருந்து வரிசையாகத்தான் விளையாட வேண்டும் என்று நினைப்பது முதல் தவறு. 1987 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டிக்கு வந்த முதல் ஆட்டத்துக்கும் 2023இல் வந்த 16ஆம் பாகத்துக்கும் கதையில் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. எண் மாறினால் உலகம் மாறும், ஆட்கள் மாறுவார்கள், சண்டை போடும் முறையும் மாறும். எண்ணுக்குப் பின்னால் இன்னொரு எண் ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் கவனம் தேவை. 10-2 என்பது 10இன் தொடர்ச்சி, 13-2 என்பது 13இன் தொடர்ச்சி. அவற்றைத் தனியாகத் தொடங்கினால் பாதி வசனம் புரியாது. 2020இல் வந்த 7இன் ரீமேக்கையும் இதே கணக்கில் வையுங்கள். பழைய ஆட்டத்தின் மிட்கார் நகரப் பகுதியை மட்டும் எடுத்து விரித்த ஆட்டம் அது. மூலக்கதை தெரிந்தவரை மனதில் வைத்துத்தான் பல இடங்களில் விளையாட்டு காட்டுகிறார்கள். 1997இன் பழைய 7 பொம்மை பொம்மையாகத் தெரிந்தாலும் அதை முடித்துவிட்டுப் போவது நல்லது.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இந்தத் தொடர் வந்து சேர்ந்த விதமே குழப்பத்துக்கு உரம் போட்டது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி பிளேஸ்டேஷன் விளையாட விட்ட கடைகளில் கால்பந்தும் மல்யுத்தமும்தான் ஓடும். நாற்பது, ஐம்பது மணி நேரக் கதையை அங்கே உட்கார்ந்து யார் முடிப்பது? ஆக, வீட்டுக்கு எது வந்ததோ அதுதான் முதல் பாகம். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன டிஸ்க் ஒருவருக்கு; கம்ப்யூட்டரைப் பழைய விளையாட்டுப் பெட்டி மாதிரி நடிக்க வைக்கிற எமுலேட்டர் வழியாக ஓடிய பழைய பாகம் இன்னொருவருக்கு. முத்தியால்பேட்டைக்காரர் 10இல் புலி, மஞ்சக்குப்பத்துக்காரர் 6இல் புலி. இருவரும் அடுத்த பாகத்தைத் தொட்டதும் தனக்குத் தெரிந்த சட்டம் அங்கேயும் செல்லும் என்று இறங்கிவிடுவார்கள். இந்தத் தொடரில் அதிகம் அடி வாங்குகிறவர், ஒரே ஒரு பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்தான்.

தெரிந்த பேரைப் பார்த்ததும் தெரிந்த ஆள் என்று நினைப்பதிலிருந்து அது தொடங்குகிறது. சிட் என்று ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பாகங்களிலும் வருவார். முதலில் தலைகாட்டியது 1988இல் வந்த 2ஆம் பாகத்தில். சொகோபோ பறவை அறிமுகமானதும் அதே ஆட்டத்தில்தான். ஆனால் சிட் ஒரே ஆள் கிடையாது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி பேர் மட்டும் கைமாறுகிறது, குணம் அவரவருடையது. பறக்கும் கப்பலோ ஏதோ ஒரு இயந்திரமோ பெரும்பாலும் அவர் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை. 4இல் நம் அணியில் நின்று சண்டை போடுவார். 7இல் வாயைத் திறந்தால் வசவு, கையில் ஈட்டி. 10இல் நம் அணியில் இருக்கிற ரிக்கு என்ற பெண்ணின் அப்பா. 12இலோ டாக்டர் சிட் எதிரணி. அவரோடு மோதாமல் கதை நகராது. பிக்ஸ், வெட்ஜ் என்று இரட்டையராக வருகிறவர்களும் இப்படித்தான். ஸ்டார் வார்ஸ் படத்து விமானிகளின் பேர்கள் அவை. 6, 7, 8, 10 என்று பல பாகங்களில் வெவ்வேறு வேலையில் இருப்பார்கள். சிரித்துவிட்டுக் கடந்து போங்கள், துப்புத் துலக்க வேண்டாம்.

கில்காமெஷ் மட்டும் விதிவிலக்கு மாதிரித் தெரிவார். 1992இன் 5ஆம் பாகத்தில் வில்லனின் கையாளாக வந்து, தோற்றுத் தோற்றே ரசிகர்களிடம் இடம் பிடித்தவர். உலகம் விட்டு உலகம் தாவுகிற ஆள் என்பதால் பின்னால் வந்த பாகங்களில் தலைகாட்டும்போதெல்லாம் அதே கில்காமெஷ்தானோ என்ற சந்தேகம் வரும். சந்தேகத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதுதான் அழகு. அவர் பேரோடு வருகிற எக்ஸ்காலிபூர் என்ற வாளைக் குப்பை என்று ஒதுக்குவது மட்டும் தவறு. பார்க்க எக்ஸ்காலிபர் என்ற பேர்பெற்ற வாள் போலிருக்கும், வெட்டினால் 1 புள்ளிதான் சேதம். ஆனால் 5இல் அந்த வாளின் தாக்கு எண் உண்மையில் 100. எதிரிகளின் வித்தையைக் கற்கிற புளூ மேஜ் கற்றுக்கொள்கிற கோப்ளின் பஞ்ச் என்ற குத்து அந்த எண்ணைத்தான் பார்க்கும், வாளின் சாபத்தைப் பார்க்காது. வாளைப் பிடித்துக்கொண்டு அந்தக் குத்தை விட்டுப் பாருங்கள். இதை நம்பி 8ஆம் பாகத்துக்குப் போகக் கூடாது. அங்கே அவர் தானாக வந்து நான்கு வாள்களில் ஒன்றை உருவுவார், எது என்பது அவர் இஷ்டம். எக்ஸ்காலிபூர் வந்தால் 1 புள்ளியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மாறாத விதிகளும் சில உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது எதிர்ப்பக்கத்துத் தவறு. செத்துப்போய் நடமாடுகிற எதிரிக்கு வைத்தியம் விஷம். கியூர் என்ற வைத்திய மந்திரத்தைப் போட்டால் அடி விழும். உயிர் கொடுக்கிற ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருளைத் தூக்கிப் போட்டால் ஆளே காலி. 6இல் பேய் ரயிலோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரயிலும் அந்த இனம்தான். ஒரே ஒரு ஃபீனிக்ஸ் டவுன், சண்டை முடிந்தது.

இந்த விதியை வைத்து நம்மையே பதம் பார்த்த ஆட்டம் 10. அங்கே ஜாம்பி என்ற நிலை நம் ஆட்களுக்கும் வரும். ககஸெட் மலையில் சீமூர் என்ற வில்லன் முதலில் ஈட்டியால் ஒருவரை ஜாம்பி ஆக்குவான், அடுத்த முறை அதே ஆள் மேல் உயிர் கொடுக்கிற ஃபுல்-லைஃப் மந்திரத்தைப் போடுவான். பார்ப்பதற்கு உபகாரம், நடப்பது கொலை. ஆகவே ஹோலி வாட்டரை உடனே ஊற்றி ஜாம்பியைத் தீர்க்கக் கற்றுக்கொள்வோம். கொஞ்ச தூரம் போனால் ஸனார்கண்டில் யுனலெஸ்கா என்ற எதிரி. மூன்று உருவம் எடுப்பாள். இரண்டாவதில் ஹெல்பைட்டர் போட்டு எல்லோரையும் ஜாம்பி ஆக்குவாள். மலையில் படித்த பாடத்தை நினைத்து, அவசர அவசரமாக எல்லோரையும் குணப்படுத்திவிட்டு மூன்றாவது உருவத்தைச் சந்திப்போம். அவள் மெகா டெத் என்பாள். ஜாம்பியாக இல்லாத அத்தனை பேரும் அந்த நொடியில் சாவார்கள். ஜாம்பிக்கு அது ஒன்றும் செய்யாது. ஒருவரையோ இருவரையோ வேண்டுமென்றே ஜாம்பியாக விட்டுவைப்பதுதான் வழி. ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, கொஞ்ச தூரத்தில் அதே பாடத்தாலேயே ஆளைச் சாய்க்கிற திட்டம். இந்தத் தொடரிலேயே மிகச் சாமர்த்தியமான பாஸ், அதாவது பெரிய எதிரி, இவள்தான் என்பேன்.

தோற்றால் இன்னொரு வேதனை: முன்னால் வருகிற நீண்ட காட்சியைப் பழைய பிஎஸ்2 டிஸ்கில் தாண்ட முடியாது, மறுபடி முழுதாகப் பார்க்க வேண்டும். மின்வெட்டு உச்சத்திலிருந்த வருடங்களில் கடலூரில் இதை விளையாடியவர்கள் பாஸை விட கரன்ட்டுக்குத்தான் பயந்தார்கள். ஆட்டத்தைச் சேமித்துவைக்கிற சேவ் உருண்டையைக் கண்டால் தொடாமல் போகாதீர்கள், இன்வெர்ட்டர் இருந்தாலும்.

மந்திரத்தைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்ட் இன்னொரு பழைய சொத்து. அதைக் கேடயம் என்று மட்டும் நினைக்கிறார்கள். உங்கள் ஆள் மேல் அது இருக்கும்போது நீங்கள் போடுகிற கியூர் துள்ளி எதிரிக்குப் போய்ச் சேரும்; மும்முரத்தில் இதை மறந்து பாஸுக்கு வைத்தியம் பார்ப்பது அன்றாடம் நடப்பது. திருப்பிப் போட்டு யோசியுங்கள். 4ஆம் பாகத்தில் அசுரா என்ற பாஸ் தனக்குத்தானே வைத்தியம் செய்துகொண்டே சண்டை போடுவாள், அடித்து மாளாது. அவள் மேல் ரிஃப்ளெக்டைப் போட்டுவிட்டால் அவளுடைய கியூர் எல்லாம் நம் பக்கம் வந்து விழும்.

இனி லெவல். மற்ற பாகங்களில் சிரமப்பட்டால் காட்டில் சுற்றி நாலு லெவல் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும். அந்தப் பழக்கத்தோடு 8க்குப் போகிறவர்கள்தான் அதைத் திட்டுகிறார்கள். அங்கே நம் அணியின் சராசரி லெவலுக்கு ஏற்ப எதிரியும் வளர்வான். பலம் லெவலில் இல்லை, ஜங்ஷனில் இருக்கிறது. ஒவ்வொரு மந்திரத்தையும் 100 வரை சேர்த்து உடம்பின் எண்களோடு கோக்க வேண்டும். கோத்த மந்திரத்தைச் சண்டையில் வீசினால் அந்த எண் குறையும், எனவே மந்திரத்தை மந்திரமாகச் செலவழிப்பதே அங்கே நஷ்டம். 6இல் வேறு சிக்கல். எஸ்பர் என்ற மந்திர உயிரைக் கட்டிக்கொண்டு லெவல் ஏறினால்தான் கூடுதல் புள்ளி. எஸ்பர் கிடைக்கும் முன் வெறியோடு ஏற்றிய லெவலுக்கு அது கிடையாது. 2இல் லெவலே இல்லை, எதைப் பயன்படுத்துகிறோமோ அது வளரும். 10இல் ஒருவர் அந்தச் சண்டையில் ஒரு முறையாவது ஏதாவது செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் புள்ளி இல்லை. வெளியே நிற்கிறவர்களை ஒரு அடிக்காவது உள்ளே மாற்றி இழுங்கள். 13இல் மற்ற இருவர் நின்றுகொண்டிருந்தாலும் தலைவர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

1991இல் 4ஆம் பாகத்தோடு வந்த ஆக்டிவ் டைம் பேட்டிலை, அதாவது நேரம் ஓடிக்கொண்டே இருக்கிற சண்டை முறையை, வடிவமைத்தவர் ஹிரோயுகி இட்டோ. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்துக் கிடைத்த யோசனை. அதில் வெயிட் என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் நேரமே நின்றுவிடும் என்று நம்பி டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. மந்திரப் பட்டியலோ பொருள் பட்டியலோ திறந்திருக்கும்போதுதான் நிற்கும். முதல் கட்டளைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனால் எதிரி அடித்துக்கொண்டேதான் இருப்பான்.

குறிப்பேடு பார்த்து விளையாடுகிறவர்கள் எந்தப் பதிப்புக்கான குறிப்பு என்று பார்க்காமல் நம்புவதுதான் விலை அதிகமான தவறு. எண்ணிலேயே குளறுபடி இருக்கிறது. அன்று அமெரிக்காவில் 2 என்று விற்றது உண்மையில் 4, 3 என்று விற்றது உண்மையில் 6. ஆட்டமும் மாறும். ஃபாமிகாமின் முதல் பாகத்தில் நீங்கள் குறிவைத்த எதிரி அதற்குள் செத்துவிட்டால் உங்கள் அடி காற்றில் போகும். பின்னால் வந்த மறுபதிப்புகளில் அடுத்த எதிரிக்குத் தானாகத் திரும்பும். சூப்பர் நின்டெண்டோவின் 6இல் ஒரு பிழையால் எவேட் என்ற அடி தவிர்ப்பு எண் எதற்குமே உதவாது. அடியைத் தவிர்ப்பதும் மந்திரத் தவிர்ப்பு எண்ணை வைத்துத்தான். அதைத் திருத்திய பதிப்பை விளையாடுகிறவர் பழைய குறிப்பைப் படித்து நல்ல கேடயத்தைத் தள்ளிவைக்கக் கூடாது.

பிரான்சிலிருந்து வந்த டிஸ்க்குக்காரர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 10இன் ஐரோப்பியப் பதிப்பில் டார்க் ஏயோன்கள் என்ற பயங்கர எதிரிகள் உண்டு, முதல் அமெரிக்கப் பதிப்பில் கிடையாது. அமெரிக்கக் குறிப்பு எப்போது வேண்டுமானாலும் பெசெய்ட் தீவுக்குத் திரும்பி, கோயிலில் விட்டதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும். ஐரோப்பிய டிஸ்கில் பிற்பாடு திரும்பினால் ஊர் வாசலிலேயே டார்க் வாலஃபோர் நிற்கும், ஒரே மூச்சில் அணியைத் துடைத்துவிடும். இப்போது கடையில் கிடைக்கிற எச்டி ரீமாஸ்டரும் அந்தப் பதிப்பின் வழிதான். பெசெய்ட் கோயிலில் டிஸ்ட்ரக்ஷன் ஸ்பியர் என்ற உருண்டையால் திறக்கிற பெட்டியை முதல் தடவையிலேயே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தவறவிட்டால் திரும்பாத பொருட்கள். 9இல் எக்ஸ்காலிபர் 2 என்ற வாள் வேண்டுமானால் கடிகாரம் 12 மணி நேரத்தைத் தொடுவதற்குள் ஏறக்குறைய ஆட்டத்தின் முடிவுக்கு ஓட வேண்டும். முதல் தடவை விளையாடுகிறவர் இதற்காக ஓடினால் அவ்வளவு அழகான ஆட்டத்தில் எதையும் பார்த்திருக்க மாட்டார். 2006இல் வந்த 12இல் இன்னும் அக்கிரமம். குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட்டால்தான் பிற்பாடு ஸோடியாக் ஸ்பியர் என்ற ஈட்டி உரிய இடத்தில் கிடைக்கும், எந்தப் பெட்டிகள் என்று ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. பெட்டியைத் திறப்பது குற்றம் என்றால் எதற்குப் பெட்டி வைக்கிறார்கள்? 2017இன் ஸோடியாக் ஏஜில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் விட்டுத்தள்ளலாம்.

6இல் ஷேடோ என்ற அணி ஆளை மட்டும் விடாதீர்கள். மிதக்கும் கண்டம் உடையும்போது நேரம் எண்ணிக்கொண்டே குறையும், பயத்தில் எல்லோரும் குதித்துவிடுவார்கள். விளிம்பில் குதிக்கவா, காத்திருக்கவா என்று கேட்கும், காத்திருங்கள். 5 நொடி மிச்சமிருக்கும்போது அவன் ஓடிவருவான். அதற்கு முன் குதித்தால் ஆட்டத்தின் பிற்பாதியில் அவன் கிடையாது.