சாப்பிட்ட கையோடு கிரீன் டீ வேண்டாம்

போன வாரம் மண்டபத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தால், என் சித்தி மகள் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து கிரீன் டீ பேக்கை எடுத்து முக்கிக்கொண்டிருக்கிறாள். “கறிச்சோறு தின்னுருக்கேன்லக்கா, கொழுப்பு கரையணும்ல” என்றாள். பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போல இருந்தது.

பால் ஊற்றக் கூடாது, சீனி போடக் கூடாது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது பாக்கெட்டிலேயே இருக்கிறது. எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் வேறு.

சாப்பாட்டோடு குடிப்பது

எடை குறைக்கத்தான் நானும் ஆரம்பித்தேன். காலையில் இட்லி சாப்பிட்டதும் ஒன்று, மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, இரவு ஒன்று. ஏழெட்டு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. உடம்பு இளைக்கிறது, அதனால் இப்படி இருக்கும் என்று சந்தோஷமாக வேறு இருந்தேன்! ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

சரி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை நான் எதோடு விழுங்கினேன் தெரியுமா? மதியம் சாப்பிட்டுவிட்டு, அதே கிரீன் டீயோடு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அளவு ஏறவே இல்லை. மாத்திரை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு நர்ஸ் அக்காதான், “மாத்திரையை எதுல போடுற?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டிருந்தால் அத்தனை மாதச் சோர்வு மிச்சம்.

கிரீன் டீயில் நமக்கு நல்லது செய்வதாகச் சொல்லப்படும் கேட்டச்சின் என்ற வேதிப்பொருள்களே குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இரும்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். முருங்கைக்கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றிலுள்ள இரும்புதான் இதில் அதிகம் அடிபடும். மீன், கறியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வகை, அதற்கு அந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை. “நாமதான் தினமும் மீன் திங்கிறோமே” என்று எங்கள் கடலோர ஊரில் பலர் சொல்வார்கள். இரண்டு துண்டு மீனில் வரும் இரும்பு அப்படி ஒன்றும் அதிகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, மீன் விலைக்குப் பயந்து முக்கால்வாசி வீடுகளில் சாம்பாரும் ரசமும்தான்.

அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். மாத்திரைக்கு இன்னும் தள்ளியே வையுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டால் இரும்பு சேர உதவும். கர்ப்பிணிகளும் மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகிறவர்களும் இதை மறக்கவே கூடாது.

கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து வைத்து நாலைந்து நிமிடம் ஆறவிடுங்கள். 75, 80 டிகிரி போதும். அதில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இலை கிடக்க வேண்டாம். இல்லாவிட்டால் கசக்கும். கசந்தால் கருப்பட்டி கேட்கும். கருப்பட்டியும் சர்க்கரைதான், எங்கள் ஊர்ப் பனையில் வந்தது என்பதற்காக ரத்தச் சர்க்கரை அதற்குச் சலுகை தராது. குடிக்கும்போதும் சூடு தணியட்டும். 65 டிகிரிக்கு மேல் சுடும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

கிணற்றுத் தண்ணீர்

உவர் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கி, மேலே ஆடை படரும். குடத்தில் வாங்கும் குடிதண்ணீரையே வையுங்கள்.

கருவாட்டுக்குப் பக்கத்தில் வைப்பது

நான் வைத்தேன். ஒரு டப்பா டீயும் வீண்.

எடை தானாகக் குறையும் என்று நம்புவது

கிரீன் டீயால் குறையும் எடை மிகவும் சொற்பம். எனக்குக் குறைந்தது வேறு கணக்கில். முன்பு நாளுக்கு நான்கு பால் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. அதுவே 30 கிராமுக்கு மேல், கூடவே வடை. அது நின்றது, அவ்வளவுதான். மற்ற நன்மைகளுக்கு வந்தால், ஜப்பானில் 40,530 பேரை 11 வருடம் வரை கவனித்த ஆய்வு 2006இல் வெளியானது. நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் குறைவாக இருந்தன, பெண்களிடம் இன்னும் தெளிவாக. கவனித்துப் பார்த்த ஆய்வுதான் அது. டீயால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இரவில்

தூக்கம் போகும். மாலை ஐந்துக்கு மேல் நான் தொடுவதில்லை.

மாத்திரையாக விழுங்குவது

இதை மட்டும் யாராவது கேட்டால் கோபமே வந்துவிடும். கிரீன் டீ சாறு அடைத்த எடைக் குறைப்பு மாத்திரைகள் டீ அல்ல. நாளுக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் ஈஜிசிஜி என்ற கேட்டச்சினை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் மாத்திரை என்ன, தினமும் நாலைந்து கோப்பை டீ குடிப்பதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்தி மகளிடமும் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கறிச்சோத்துக் கொழுப்புக்கு என்னக்கா பண்றது?” என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போவோம் வா என்றேன். ஆட்டோ பிடித்துவிட்டாள்.