சங்ககிரி ஏறணுமா? இறங்கத் தெரிஞ்சிட்டு வாங்க

இருபத்தேழு வருசம் லாரி ஓட்டினவன் நான். ஏற்காட்டுல காப்பிக்கொட்டை லோடு ஏத்திக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கியிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேனுங்க: சங்ககிரி மலைக்கோட்டை ஏத்தம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டி போறது இறக்கத்துல.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஈரோடு வண்டி ஏறினா சங்ககிரி சுமார் 35 கிலோமீட்டர். விடிகாலையிலேயே கிளம்பிடுங்க. பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல்லாயிடும். கார்த்திகை, மார்கழி, தை நல்ல மாசங்க. தனியாப் போகப் பயம்னா புரட்டாசிச் சனிக்கிழமை போங்க, மேல இருக்கற சென்னகேசவப் பெருமாளைப் பார்க்க ஆள் ஏறிட்டே இருப்பாங்க.

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. அதுல பாதி இறக்கத்துக்கு. சுனைத் தண்ணியக் குடிக்க வேண்டாம். எங்க அக்கா மக தட்டுவடை செட்டை, அதாவது ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சதை, கடையிலேயே கட்டி வாங்கிட்டு வந்துட்டா. பாதி மலையில பிரிச்சா எல்லாம் நமுத்துப் போச்சு. கவர் சத்தம் கேட்டுக் குரங்கு வந்ததுதான் மிச்சம். “மாமா, நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல?” தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனியா டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. கவர் வேண்டாம்.

செண்டு அடிச்சுட்டு வராதீங்க, தேனீ சும்மா விடாது. இடிஞ்ச சுவர்ச் சந்துல கை விடாதீங்க, பாம்பு இருக்கலாம். காஞ்ச புல்லுல பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போனவங்க செத்தது எல்லாருக்கும் தெரியும்.

வழியில கோட்டை வாசல் ஒண்ணொண்ணா வரும். நிழல் அங்கதான், ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டு நிமிசம் நில்லுங்க. தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31, ஆடி 18 அன்னிக்குக் கம்பெனிக்காரன் தூக்குல போட்டது இந்தக் கோட்டையில. அந்தச் சுவர்ல ஆணியால காதலி பேரைக் கிறுக்கியிருக்கான் ஒருத்தன். தொல்லியல் துறை பாதுகாக்கற இடமுங்க இது. சேதப்படுத்தினா ரெண்டு வருசம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்.

இப்ப இறக்கம். லோடு வண்டிய இறக்கத்துல நியூட்ரல்ல விடமாட்டோம். பிரேக்கையே நம்பினாலும் சூடேறிப் பிடிக்காமப் போயிடும். சின்ன கியர் போட்டு இஞ்சினை இழுத்துப் பிடிக்க விடணும். உங்களுக்கு முட்டிதான் பிரேக்கு, தொடைதான் இஞ்சின். முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வெச்சுக்கிட்டு எட்டைச் சின்னதா வைங்க, பாரம் தொடைக்குப் போகும். காலை விறைப்பா நீட்டித் தொம்முனு வெச்சீங்கன்னா ராத்திரி முட்டி வீங்கும். உயரமான படியில பக்கவாட்டுல திரும்பி இறங்குங்க. தடி இருந்தா அதை முதல்ல கீழ ஊணிட்டு அப்புறம் கால். சாய்வுப் பாறையில மணல் கிடந்தா காலால தள்ளிட்டு மிதிங்க. முன்னாடியே கால் நகத்தை வெட்டிக்குங்க, ஷூ கயிறை இறங்கறப்ப இறுக்கிக் கட்டுங்க, இல்லாட்டிக் கட்டைவிரல் ஷூ முனையில இடிச்சு இடிச்சுக் கன்னிப்போகும். பசங்க ஓடுவாங்க, ஓட விடாதீங்க.

அடிவாரம் வந்ததும் தொடை ஆடும். உடனே உட்காராம பஸ் ஸ்டாப் வரைக்கும் மெதுவா நடந்தே போங்க. அக்கா மக உட்கார்ந்தா. பஸ் படி ஏத்தறதுக்கு நான்தான் கை குடுக்க வேண்டியதாப் போச்சு.