பி53: சாயம் ஏறாதது நல்ல செய்தி அல்ல

செல் புற்றாவதைத் தடுக்கும் பி53 புரதத்தை உண்டாக்குவது டிபி53 மரபணு. அதில் வேலை தொடங்கும் புதியவர்கள், முன்னால் போனவர்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஆன்டிபாடியைத் தப்பான அளவில் கரைப்பது, ஸ்லைடைக் காயவிடுவது போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடலாம். யாரும் தட்டிக் கேட்காமல் அறிக்கைவரை போய்விடும் தவறுகள்தான் இங்கே.

'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. புற்றுத் திசுவில், பி53 புரதம் உள்ள இடம் பழுப்பாகும்படி ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். புற்றணுக்களின் உட்கருவில் பழுப்பு நிறம் துளியும் இல்லை. 'பி53 நெகட்டிவ்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைப் படிக்கும் மருத்துவர் மரபணு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த மரபணு அடியோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் என்று புரிந்துகொள்ள அந்தப் புரதத்தின் ஆயுளைப் பார்க்க வேண்டும். நலமான செல்லில் பி53 உண்டாகிக்கொண்டே இருக்கும். எம்டிஎம்2 என்ற புரதம் அதன்மேல் யூபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டிச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சுமார் 20 நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். டி.என்.ஏ. சேதமடைந்தால்தான் இந்தப் பிடி தளர்ந்து பி53 ஏறும். செல் பிரிவதை நிறுத்தும், அல்லது செல்லைச் சாகவிடும். ஆகவே இயல்பான பி53 உள்ள திசுவில் ஒரு கலவைதான் தெரியும்: சில உட்கருக்கள் அடர்த்தியாக, சில மங்கலாக, மற்றவை வெறுமையாக.

பிறழ்வு வந்தால் இந்தக் கலவை இரண்டு எதிர்த் திசைகளில் குலையும். ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறும் மிஸ்சென்ஸ் வகையில், வேலை செய்யாத புரதம் சிதைவிலிருந்து தப்பிக் குவிகிறது. அநேகமாக எல்லா உட்கருவும் கரும்பழுப்பாகும். நான்சென்ஸ் (புரதம் பாதியில் நின்றுபோவது), ஃபிரேம்ஷிஃப்ட் (எழுத்து வரிசை இடம் நகர்வது), மரபணுவில் பெரிய நீக்கம் ஆகியவற்றில் புரதமே நிலைப்பதில்லை. அங்கே முழு வெறுமை. இரண்டும் கெட்ட செய்திதான். முதலாவதை 'பாசிட்டிவ்' என்று சரியாகப் பிடித்துவிட்டு, இரண்டாவதை நலம் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கருப்பை உட்சுவர்ப் புற்றில் இதன் விலை அதிகம். மூலக்கூறு வகைப்பாட்டில் பி53 பிறழ்ந்த குழுவுக்குத்தான் முன்கணிப்பு மிக மோசம். கதிர்வீச்சோடு கீமோதெரபியும் தேவைப்படலாம். வெறுமை வகையை நெகட்டிவ் என்று எழுதினால், அந்த நோயாளி ஆபத்து குறைந்த குழுவில் போய் உட்கார்வார், சிகிச்சையும் அதற்கேற்ப இளகும்.

எனவே முதலில் புற்றணுவைப் பார்க்காதீர்கள். பக்கத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்), லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளணு), இரத்தக்குழாய் உட்சுவர் செல்களைப் பாருங்கள். அவற்றில் அங்கங்கே மங்கலான சாயம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சாயமேற்றம்தான் தோற்றிருக்கிறது, மறுபடி செய்யுங்கள். பெரிய அறுவைத் துண்டின் நடுவே, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சரியாக இறங்காத இடத்தில் இது அடிக்கடி நேரும். சிறிய பயாப்ஸி இருந்தால் அதை எடுப்பதே மேல். அக்கம்பக்கம் சாயம் ஏறி, புற்றணுவில் மட்டும் ஒன்றுமில்லையென்றால் அது வெறுமை வகை. சுமார் 80 சதவீதத்துக்கு மேல் உட்கருக்கள் அடர்த்தியாக ஏறியிருந்தால் மிகை வகை. உட்கருவை விட்டுச் சைட்டோபிளாசத்தில் சாயம் பரவியிருந்தால் அதுவும் பிறழ்ந்ததே. அறிக்கையில் 'இயல்பு வகை' அல்லது 'பிறழ்ந்த வகை' என்று எழுதி, எந்த விதம் என்றும் சேருங்கள். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டவே வேண்டாம்.

இயல்பு வகை தெரிந்தாலும் முழு நிம்மதி இல்லை. புரதத்தின் வால்பகுதியில் துண்டிக்கும் சில பிறழ்வுகள் இயல்பு போலவே சாயமேறும். சூலகத்தின் உயர்தர சீரஸ் புற்றில் 95 சதவீதத்துக்கு மேல் டிபி53 பிறழ்வு உண்டு. அங்கே இயல்பு வகை தெரிந்தால், மரபணுவை வரிசைப்படுத்துங்கள், நோயறிதலையும் மறுபடி பாருங்கள்.

இரத்தத்தில் கண்டதெல்லாம் பரம்பரை என்று நம்புவது

பிறவியிலேயே டிபி53 பிறழ்வு இருப்பது லி–ஃபிராமெனி நோய்க்குறி, இளவயதிலேயே பல புற்றுகள் வரக்கூடிய பரம்பரை நோய். 1969இல் விவரிக்கப்பட்டது, காரணம் இந்த மரபணு என்று 1990இல் தெரியவந்தது. பிறவிப் பிறழ்வு இரத்தப் பரிசோதனையில் மரபணுவின் பிரதிகளில் ஏறக்குறைய 50 சதவீதப் பங்காகத் தெரிய வேண்டும். 15, 20 என்று நின்றால் சந்தேகப்படுங்கள். வயதானவரிடமும் கீமோதெரபி எடுத்தவரிடமும் டிபி53 பிறழ்ந்த இரத்த மூலசெல் ஒன்று தனியாகப் பெருகியிருக்கலாம். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டை வளர்த்து உறுதி செய்யாமல் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்ஆர்ஐ வரை போகும் பேச்சு அது.

பிளாஸ்மிடைப் படித்துப் பார்க்காமல் நம்புவது

மரபணுவைச் செல்லுக்குள் செலுத்த உதவும் டி.என்.ஏ. வளையம்தான் பிளாஸ்மிட். அதன் எழுத்து வரிசையைப் படிக்காமல் நம்பியதில் உலகமே ஏமாந்திருக்கிறது. 1979இல் டேவிட் லேன், ஆர்னால்ட் லெவின் உள்ளிட்டோரின் குழுக்கள் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டி ஆன்டிஜென் என்ற புரதத்தோடு ஒட்டியிருந்த பி53ஐக் கண்டன. புற்றணுக்களிலிருந்து எடுத்த பி53 மரபணுப் பிரதிகளை (குளோன்கள்) 1984இல் புற்றைத் தூண்டும் ராஸ் மரபணுவோடு சேர்த்துச் செலுத்தியபோது செல்கள் புற்றாக மாறின. பி53 புற்றைத் தூண்டுவது என்று எழுதிவிட்டார்கள். அந்தக் குளோன்களே பிறழ்ந்தவை. இயல்பான பி53 புற்றாவதைத் தடுக்கிறது என்பது 1989இல்தான் தெளிவானது. உங்கள் உறைபெட்டியில் 'வைல்ட் டைப்' (இயல்பு வகை) என்று ஒட்டியிருக்கும் குழாயையும் முழுதாகப் படித்துவிட்டே பயன்படுத்துங்கள்.

தப்பான செல்லில் சோதிப்பது

ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா செல்லில் மரபணு இயல்பானது, ஆனால் அதிலுள்ள ஹெச்பிவி-18 வைரஸின் ஈ6 புரதம் பி53ஐச் சிதைத்துவிடும். 293டி செல்லில் புரதம் ஏராளம். டி ஆன்டிஜென் கட்டிப் போட்டிருப்பதால் வேலை நடக்காது. இயல்பான பி53 வேண்டுமானால் எச்சிடி116, எம்சிஎஃப்-7, யு2ஓஎஸ்; அறவே வேண்டாமென்றால் எச்1299, சாவோஸ்-2. சந்தேகமிருந்தால் எம்டிஎம்2ஐத் தடுக்கும் நட்லின்-3ஏ 10 மைக்ரோமோலார் 24 மணி நேரம் கொடுங்கள். பி53 தூண்டும் புரதங்களான பி21, எம்டிஎம்2 இரண்டும் ஏறினால் பி53 உயிரோடிருக்கிறது.

எக்ஸான் 5 முதல் 8 வரை மட்டும் படிப்பது

எக்ஸான் என்பது மரபணுவில் புரதத்துக்கான குறிப்புள்ள துண்டு. மீதி எக்ஸான்களிலும் புரதத்தைத் துண்டிக்கும் பிறழ்வுகள் ஒளிந்திருக்கும். 2 முதல் 11 வரை படியுங்கள்.

43.7 கிலோடால்டன் புரதம் 53இல் ஓடுவது

ப்ரோலின் என்ற அமினோ அமிலத்தின் மிகுதியால், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பி53 மெதுவாக ஓடி, 53 கிலோடால்டன் போலத் தெரிகிறது. ஜெல்லில் கோளாறில்லை.

72ஆம் இடம்

பி53 புரதத்தின் 72ஆம் அமினோ அமிலமாக ஆர்ஜினின், ப்ரோலின் எது இருந்தாலும் இயல்பே. பிறழ்வு என்று எழுதாதீர்கள்.