வேதியியல் ஆய்வுக்குத் தனியார் நிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை, ஆய்வுக்கான பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மணலியின் ஆலைகளும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலையாறும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரமும் அருகிலேயே இருக்கின்றன. தேட வேண்டியது பணம்தான். அதற்காக அறக்கட்டளைகளையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் நாடும்போது, நல்ல ஆய்வுகள்கூடச் சில தவறுகளால் நின்றுபோகின்றன.

முதல் தவறு, கேள்வியைச் சொல்லாமல் கருவியைக் கேட்பது. ‘அணு உறிஞ்சல் நிறமாலைமானி (மாதிரியில் உள்ள உலோகங்களின் அளவை ஒளியைக் கொண்டு அறியும் கருவி) வேண்டும்’ என்று தொடங்கும் விண்ணப்பத்தைவிட, ‘முகத்துவார வண்டலில் உள்ள காட்மியம் மீனுக்குள் எவ்வளவு சேர்கிறது’ என்று தொடங்குவதே கொடையாளரின் மனத்தில் நிற்கும். கருவி கிடைத்தாலும் செலவு அத்தோடு முடிவதில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி விளக்கு வேண்டும். அசிட்டிலீன் சிலிண்டர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்வெட்டைத் தாங்கும் யுபிஎஸ், மாதிரிகளை அமிலத்தில் கரைத்தபின் மிஞ்சும் கழிவை முறைப்படி அகற்றும் செலவு ஆகியவையும் வேண்டும். இவற்றை மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு எழுதாத துறையில், விலையுயர்ந்த கருவி துணி போர்த்தியபடி கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தகுதி விதிகளைப் படிக்காமல் விண்ணப்பிப்பது அடுத்த தவறு. 1954இல் தொடங்கப்பட்ட வெல்ச் அறக்கட்டளை வேதியியல் ஆய்வுக்குப் பெரும் தொகை தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நல்கைகள் டெக்சஸ் மாநிலக் கல்வி நிறுவனங்களுக்கே உரியவை. வெளிநாட்டுக் கொடை எதையும் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படியே பெற முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கு வர வேண்டும். பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. கூட்டாகத் திட்டமிடும் இரு கல்லூரிகள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

உள்நாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்கு உட்பட்டவை சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஆய்வுக்கான கொடை என்ற வகையில் அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், தேசிய ஆய்வகங்கள் போன்றவற்றையே குறிப்பிடுகிறது. தனியார் கல்லூரியின் திட்டம் சுற்றுச்சூழல் அல்லது கல்வி என்ற தலைப்பின்கீழ் பொருந்துமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. ஆலை தன் அன்றாடத் தொழிலின் பகுதியாகச் செய்ய வேண்டிய கழிவுநீர்ப் பரிசோதனையை இந்நிதியில் செய்ய இயலாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முடிவுகளை வெளியிடும் உரிமையை எழுத்தில் பெறாமல் பணத்தைப் பெறுவது. நம் பகுதியில் கொடையாளரே ஆற்றங்கரையின் அண்டைவீட்டாராகவும் இருக்கக்கூடும். அவருடைய வளாகத்துக்குக் கீழ்ப்புறம் எடுத்த மாதிரியில் ஈயம் கூடுதலாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதை மாதிரி எடுத்த பிறகு பேச முடியாது. வெளியீட்டுக்கு முன் அவர் படித்துக் கருத்துச் சொல்லலாம். காப்புரிமை பதிவதற்காகக் குறிப்பிட்ட நாட்கள் பொறுத்திருக்கவும் கேட்கலாம். முடிவைத் திருத்தவோ தடுக்கவோ உரிமை கோரினால், தொகை எவ்வளவானாலும் மறுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நிதி எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையில் மறைப்பதும் இதே அளவு தவறாகும்.

தனிக் கணக்குத் தலைப்பு, பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று உரிய காலத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ், ரசீதுகள் ஆகியவற்றில் தாமதித்தால் இரண்டாம் தவணை வராது.

பலரும் விட்டுவிடும் செலவு ஒன்று உண்டு. எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவர்களின் வலையிலிருந்து மீன் மாதிரியை வாங்கியவர்கள், அதில் என்ன இருந்தது என்பதைத் தமிழில் அச்சிட்டு, குப்பத்துக்கே சென்று விளக்குவதற்கான தொகையையும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.