சிட்னிப் பிள்ளையிடம் புள்ளியைக் கேட்காதீர்கள்

பரந்தனில் றோட்டோரம் நெல் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறேன், சிட்னியிலிருந்து அக்காவின் மகள் வட்ஸ்அப்பில் அழுகை: "மாமா, பள்ளிக்கூடத்தில 62தான்!"

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எச்.எஸ்.சி.யில் (பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எடுக்கும் சான்றிதழ்) பள்ளி போட்ட அந்த 62 அப்படியே இறுதிப் பெறுபேற்றுக்குப் போகாது. அப்பாடத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இறுதிப் பரீட்சையில் எடுத்ததை வைத்துத் திருத்துவார்கள். பள்ளிப் புள்ளிகளின் சராசரி அப்பிள்ளைகளின் பரீட்சைச் சராசரிக்கு வரும். பள்ளிப் புள்ளியில் முதலாம்பிள்ளைக்கு அப்பள்ளியின் அதிகூடிய பரீட்சைப் புள்ளி, அதை எடுத்தது வேறு பிள்ளையாக இருந்தாலும். வரிசை மாறாது. இறுதிப் பெறுபேற்றில் இப்படித் திருத்திய புள்ளி பாதி, பரீட்சைப் புள்ளி பாதி.

ஆகவே "எத்தினையாம் பிள்ளை?" என்று கேளுங்கள். இவள் மூன்றாம்பிள்ளையாம்! நோட்ஸை ஒளிக்காமல் வகுப்போடு சேர்ந்து படிக்கச் சொன்னேன். மற்றவர்கள் பரீட்சையில் கூடுதலாக எடுத்தால் இவளின் பள்ளிப் புள்ளியும் ஏறும். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் எங்கள் இசட் புள்ளியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதென்ன பெரிய கம்பசூத்திரமா?