கியரைக் கழற்றும் முன்: ஒற்றை வேக சைக்கிளாக மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கியர் சைக்கிளை ஒற்றை வேக சைக்கிளாக மாற்ற விரும்புவோர் பலர் அதை வெறும் கழித்தல் கணக்காக எண்ணிவிடுகிறார்கள்: டிரெய்லியரையும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) கேபிள்களையும் கழற்றிவிட்டுச் செயினைச் சுருக்கினால் வேலை முடிந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் டிரெய்லியர் கியரை மாற்றுவதோடு நிற்பதில்லை. செயினைத் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பதும், செயின் சற்றுக் கோணலாக ஓடினாலும் அதைப் பல்சக்கரத்தில் கொண்டு சேர்ப்பதும் அதன் வேலைதான். அதைக் கழற்றிய பிறகு இந்த இரண்டு பொறுப்புகளும் ஃபிரேமின் அமைப்பின் மீதும் நாம் எடுக்கும் அளவுகளின் மீதும் வந்து விழுகின்றன.

ஆகவே, ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயின்டை அல்ல, பின்சக்கரத்தின் ஆக்ஸில் உட்காரும் வெட்டை. வெட்டு கிடைவாட்டில் இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். செங்குத்தாக இருந்தால் அதற்கு வழியில்லை. நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிள்களில் கிடைவெட்டுதான் இருந்தது. அவை பிறவியிலேயே ஒற்றை வேகம். என் முதல் முயற்சிக்கு நான் வாங்கியது செங்குத்து வெட்டு உள்ள கியர் சைக்கிள் ஃபிரேம். செயினைக் குத்துமதிப்பாகச் சுருக்கி ஓட்டியதில், அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்த கணமே செயின் கழன்றது.

அத்தகைய ஃபிரேமைக் குப்பையில் போட வேண்டியதில்லை. செயினை இழுத்துப் பிடிக்கும், சுருள்வில் வைத்த டென்ஷனர் ஒன்றைப் பொருத்தலாம். அல்லது பல் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கலாம். முன்னோ பின்னோ ஒரு பல் கூடினால் ஆக்ஸில் இருக்க வேண்டிய இடம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகரும் என்பதால், சில ஃபிரேம்களில் ஏதேனும் ஒரு சேர்க்கை சரியாக அமைந்துவிடும். செயினை இறுக்கும்போது கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கிராங்கோடு சுழலும் முன்பல்வட்டம் எதுவும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. ஆகையால் மிக இறுகும் இடத்திலும் செயினின் நடுப்பகுதி சுமார் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். விறைப்பாக இறுக்கினால் பேரிங்குகள்தான் முதலில் தேயும்.

அடுத்தது செயின் ஓடும் கோடு. முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்; கண்ணால் பார்த்து நேராக இருப்பதாக முடிவு கட்டுவதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. முன்பக்கத்தில் சீட் குழாயின் நடுவிலிருந்து பல்லின் நடு வரை அளக்க வேண்டும். பின்பக்கத்தில், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் இரு முனை லாக்நட்டுகளுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியிலிருந்து, வலப்பக்க லாக்நட்டுக்கும் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு எண்களும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் ஹப்பாக இருந்தால், பல்லின் இருபுறமும் இடைவெளிக்காகப் போடும் வளையங்களை இடம் மாற்றிச் சரிசெய்வது எளிது. மரையில் முறுக்கும் ஃப்ரீவீல் ஹப்பில் ஆக்ஸிலின் வாஷர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற வேண்டும். மாற்றியதும் ரிம் நடுவிலிருந்து விலகிவிடும் என்பதால், கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது.

பழைய கேசட்டிலிருந்து ஒரு பல்சக்கரத்தை உருவிப் பயன்படுத்துவதும் சிக்கனமல்ல. அதன் பற்கள் செயின் எளிதாக நழுவி அடுத்த பல்லுக்கு ஏறுவதற்காகவே குட்டையாகவும் சரிவாகவும் வெட்டப்பட்டவை. செயினிலும் அரைக்கால் அங்குலம், 3/32 அங்குலம் என இரு அகலங்கள் உண்டு. அகலமான செயின் குறுகிய பல்லில் ஓடும், குறுகிய செயின் அகலமான பல்லில் உட்காராது. தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் அந்தப் பல்லும் விரைவில் கெடும். 12 அங்குலம் இருக்க வேண்டிய 24 கண்ணிகள் மாகாணி, அதாவது 1/16 அங்குலம், நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பட்டு எண்ணெய் இல்லாத செயின் சில நாட்களிலேயே துருப்பிடிக்கும்.

சென்னை சமதளம்தானே என்று 52-க்கு 14 பல் (முன்னால் 52, பின்னால் 14) போடுகிறவர்கள், சிக்னல்தோறும் நின்று புறப்பட வேண்டியிருப்பதையும் பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்ப்படும் கடற்காற்றையும் மறந்துவிடுகிறார்கள். நமக்கு மலை இல்லை, மேம்பாலங்கள் உண்டு. 44-க்கு 18 பல் என்றால், 28 மில்லிமீட்டர் டயர் போட்ட 700 அளவுச் சக்கரத்தில் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 5.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். நகரத்துக்கு இது போதும் என்பது என் கருத்து.

பெடல் ஓயாமல் சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் வகைக்கு மாற்றுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பின்னோக்கி மிதித்து வேகத்தைக் குறைக்கும் விசையை டென்ஷனர் தாங்காது. ஆகவே செங்குத்து வெட்டுள்ள ஃபிரேமில் டென்ஷனரை நம்பி ஃபிக்ஸட் அமைக்கக் கூடாது. ஃபிக்ஸட் பல்லை, இடமரையில் பூட்டும் லாக்ரிங் உள்ள ஹப்பில் மட்டுமே மாட்ட வேண்டும். சாதாரண ஃப்ரீவீல் மரையில் அதை முறுக்கி ஓட்டினால், பின்னோக்கி அழுத்தும்போது பல் மரையிலிருந்து கழன்றுவரும். பிரேக்கையும் அழகுக்காகக் கழற்றியிருந்தால் அந்த நேரத்தில் சைக்கிளை நிறுத்த எதுவும் மிஞ்சாது. முன், பின் இரண்டு பிரேக்குகளும் சைக்கிளில் இருக்கட்டும்.