ஊர்க்குழுவில் வரைகலை மென்பொருள் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைகலை மென்பொருளைக் கற்பதற்கு இன்று காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஃபோட்டோஷாப்பில் பின்னணியை நீக்குவதையும் கோரல்டிராவில் எழுத்தை வளைப்பதையும் வீட்டிலிருந்தே பார்த்துப் பழகிவிடலாம். ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அச்சகத்தின் பின்னறையில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கும் குழுவுக்குச் செல்பவர், காணொளியில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் செல்ல வேண்டும். நம் கோப்பு, நம் எழுத்தில், நம் ஊர் இயந்திரத்தில் பிசகின்றி அச்சாவது எப்படி என்பதே அந்த ஒன்று. இதை மறந்து, பளபளப்பான உத்திகளைச் சேகரிக்கும் இடமாகக் குழுவைக் கருதுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முடிந்த படத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துவந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்பது மிகப் பரவலான தவறு. அதற்குக் கிடைக்கும் விடை "நன்றாக இருக்கிறது" என்பதாகவே இருக்கும். நம் குமரி மாவட்டத்தில் முகத்துக்கு நேரே குறை சொல்பவர்கள் குறைவு. லேயர்கள் எனும் அடுக்குகள் பிரிந்து நிற்கும் மூலக் கோப்பை மடிக்கணினியில் திறந்துவைத்தால் பேச்சே மாறிவிடும். மாஸ்க் இட்டு மறைத்திருக்க வேண்டிய பகுதியை அழிப்பான் கொண்டு அழித்திருப்பதும், பத்துப் புள்ளிகளில் முடிந்திருக்க வேண்டிய வளைவுக்கு நூறு புள்ளிகள் இட்டிருப்பதும் அனுபவசாலியின் கண்ணில் உடனே படும். கேள்வியும் அவ்வாறே துல்லியமாக இருத்தல் வேண்டும். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்ற ஐந்தையும் சொல்லாமல் "சரியாக வரவில்லை" என்பவருக்கு யாராலும் உதவ இயலாது.

தமிழ் எழுத்துச் சிக்கலைத் தனித்தே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், தேவாலயத் திருவிழா அழைப்பிதழ், திருமண அழைப்பிதழ் ஆகிய மூன்றுமே பெயர்களால் நிரம்பியவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் 'கொ' என்பதற்கு முதலில் கொம்பையும், பிறகு ககரத்தையும், பிறகு காலையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டெழுதுவர். ஒருங்குறி எனும் யூனிகோடிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படும்; கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய பதிப்பில் ஒருங்குறி உரையை ஒட்டினால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2010 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 16 பிட் தமிழ்க் குறியீடான டேஸ்16ஐயும் ஏற்று ஆணையிட்டுவிட்டபோதிலும், அச்சகங்களின் பழைய கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன.

விழாக் குழுவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்ப்பட்டியல் ஒருங்குறி; அச்சகத்தில் காத்திருக்கும் சென்ற ஆண்டுக் கோப்பு பாமினி. இரண்டையும் இணைக்க எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்துவது சரியே. மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. 'கௌரவத் தலைவர்' என்பதிலுள்ள ஔகாரக் குறி, கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து 'கெளரவ' என்றாகிவிடுவதுண்டு. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும், எழுத்திடைவெளியைக் கூட்டியவுடன் அது இரண்டாக விலகி நிற்கும், தேடலிலும் சிக்காது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்து வேலைகளில் மலையாள வரியும் சேர்ந்தால் இதே தொல்லை இரட்டிப்பாகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் குலைந்தால், பத்திக்கான பட்டியலில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது போன்ற சிறு செய்திகளை, ஆங்கிலம் மட்டுமே அறிந்த காணொளி ஆசிரியர் சொல்லப்போவதில்லை. நம் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

அளவைப் பொறுத்தமட்டில், எல்லாவற்றுக்கும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்று மனப்பாடம் செய்துகொள்வது தவறு. கையில் பிடித்துப் படிக்கும் ஏ4 நோட்டீஸுக்கு அது பொருந்தும்: 2480க்கு 3508 பிக்சல்; வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியாதிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். அதே 300ஐப் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் பேனருக்கு வைத்தால் 36,000க்கு 28,800 பிக்சல் ஆகும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு எந்தப் பக்கத்திலும் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது என்பதால், இரவெல்லாம் உழைத்தவர் சேமிக்கும் வேளையில் திகைத்து நிற்பார். சாலையோரத்தில் தொலைவிலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 டிபிஐ போதும். வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தை அப்படியே பேனரில் பெரிதாக்குவது இன்னொரு பக்கத் தவறு. படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே வந்து சேரும், ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெற வேண்டும்.

நிறத்தில் கறுப்புதான் பலரை ஏமாற்றுகிறது. திரைக்குரிய ஆர்ஜிபி நிறமுறையில் செய்த கறுப்பு எழுத்தை அச்சுக்குரிய சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு மைக்கும் உரிய பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். மெய்யெழுத்தின் புள்ளி மையால் அடைபட்டே போகலாம். சிறு எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு என்று அமைத்துக்கொள்வதே முறை. இங்க்ஸ்கேப் எனும் வரைகலை மென்பொருளில் வரைவோர், அதன் 1.4 பதிப்பு வரை ஆர்ஜிபியே அடிப்படை என்பதை அறிந்து, அச்சுக்கான பிடிஎஃப்பைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் வழியாக எடுப்பது நல்லது.

எழுத்துரு இல்லாத இயந்திரத்திலும் கோப்பு சரியாகத் திறக்க, எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக, மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள் அச்சகத்தார். மாற்றிய கோப்பை மூலத்தின் மேலேயே சேமித்துவிடுவது பெருந்தவறு, ஏனெனில் அச்சேறும் முந்தைய நாள் ஒரு பெயரைத் திருத்தச் சொல்லி அழைப்பு வராத கொடை நோட்டீஸ் கிடையாது. மூலம் ஒன்று, கர்வ் ஒன்று என இரண்டும் தனித்தனியே இருக்கட்டும். குழுவில் பகிரும் கோரல்டிரா கோப்பைப் பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிப்பதும் இதைச் சேர்ந்ததே; புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது.

திருட்டு மென்பொருளைப் பென்டிரைவில் கைமாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வைரஸோடுதான் வரும். கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் ஆகியவை செலவின்றிக் கிடைக்கின்றன. எது உயர்ந்தது என்ற வாதத்தில் கூட்டத்தின் பாதி நேரத்தைக் கரைப்பதும் வேண்டாம். ஞாயிறு காலை பூசை, ஆராதனை என்று பலருக்குப் போய்விடுவதால் பிற்பகலில்தான் கூட முடிகிறது. கிடைப்பதே இரண்டு மணி நேரம்.

வாடிக்கையாளரின் பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டுவரும்போது கவனம் தேவை. கண்ணீர் அஞ்சலிப் பலகையின் புகைப்படமும் தொலைபேசி எண்ணும் அந்தக் குடும்பத்துக்குரியவை. வேறு படமும் பொய்ப்பெயரும் இட்ட பிறகே குழுவில் திறக்க வேண்டும்.

குழுவில் பெரும்பாலும் அழைக்கப்படாதவர் இயந்திரம் ஓட்டுபவர். அவரை ஒரு கூட்டத்துக்காவது வரவழைத்து, தாளின் அளவு என்ன, இயந்திரம் தாளைப் பற்றும் பிடி விளிம்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த வகைப் பிடிஎஃப் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். வடசேரியில் ஓர் அச்சகம் சொல்லும் விடையும் தக்கலையில் இன்னொன்று சொல்லும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கேள்விகளை வேலையைத் தொடங்கும் முன்பே, வேலை போகவிருக்கும் அச்சகத்திடமும் கேட்டுவிட வேண்டும்.